பேர் எழுதலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கணவரின் வேலை விசாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம். லண்டன் கொலின்டேலில் ஒரு வீட்டில் வாடகைக்கு ஓர் அறை. வாக்காளர் இடாப்புக்காக வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டுக் கவுன்சிலிலிருந்து, அதாவது உள்ளூராட்சிச் சபையிலிருந்து, கடிதம் வந்திருக்கிறது. வீட்டுக்காரர் "உங்கட பேர் வேண்டாம்" என்கிறார். கணவர் "நாங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லை, எங்களுக்கு ஏன் அரசியல்" என்கிறார். பேர் எழுதினால் விசாவுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று உங்களுக்குப் பயம்.

முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இலங்கை பொதுநலவாய நாடு. செல்லுபடியான விசாவோடு பிரித்தானியாவில் வசிக்கும் பதினெட்டு வயது நிறைந்த பொதுநலவாய நாட்டவர் எல்லாருக்கும் இங்கே வாக்குரிமை உண்டு. கவுன்சில் தேர்தலுக்கு மட்டுமில்லை, நாடாளுமன்றத் தேர்தலுக்கும்தான். இந்தியா, மலேசியாவிலிருந்து வந்தவர்களுக்கும் இதே உரிமை. படிக்க வந்த பிள்ளைக்கும் உண்டு, உங்களைப் போலக் கணவரோடு வந்தவருக்கும் உண்டு. இதனால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. இத்தனைக்கும் இங்கே முப்பது வருடமாக வரி கட்டும் ஒரு பிரெஞ்சுக்காரர், குடியுரிமை எடுக்காவிட்டால் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க முடியாது. சாம்ராச்சியக் காலத்தில் எங்களையெல்லாம் 'பிரித்தானியப் பிரஜைகள்' என்று ஒரே பெயரில் வைத்திருந்தார்கள். அதன் மிச்சம்தான் இந்த உரிமை.

நான் 2000இல் கலியாணம் கட்டி வந்தவள். இப்படி ஓர் உரிமை இருப்பது ஏழு வருடமாக எனக்குத் தெரியாது. யாரும் மறைக்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. அந்த ஏழு வருடத்தை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை. இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

உங்கள் வீட்டில் நடப்பது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. வெளியே இருந்து பார்ப்பவர்கள் "தமிழருக்கு இந்த நாட்டு அரசியலில் அக்கறை இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி 2009 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை இங்கே நாடாளுமன்றத்துக்கு முன்னால் இரவு பகலாக நின்ற சனம் இது. கைக்குழந்தைகளோடு நானும் நின்றேன். அக்கறை இல்லாதவர்களா மழையிலும் குளிரிலும் அப்படி நின்றார்கள்? ஆனால் அந்தக் கூட்டத்தில் என்னோடு நின்ற எத்தனையோ பேருடைய பேர் வாக்காளர் இடாப்பில் இருக்கவில்லை. இதுதான் நாங்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

என் கண்ணில் முதலாவது காரணம், பேர்ப்பட்டியல் மீது எங்களுக்கு இருக்கும் பயம். ஊரில் யார் எங்கள் பேரை எழுதினார்கள்? கிராம சேவகர் வந்து எழுதினார், சரி. ஆமிக்காரரும் வீடு வீடாக வந்து எழுதினார்கள். கொழும்பில் லொட்ஜில் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. பட்டியலில் பேர் இருந்தால் ஒரு பயம், இல்லாவிட்டால் இன்னொரு பயம். அப்படி வளர்ந்த ஒருவருக்கு, அரசாங்க முத்திரையோடு வந்து "வீட்டில் யார் இருக்கிறீர்கள்" என்று கேட்கும் கடிதம் வெறும் கடிதமாகத் தெரியாது. கை தானாகவே பின்வாங்கும். இது உங்கள் கோழைத்தனம் இல்லை, தங்கச்சி, நாங்கள் பட்ட பாடு. ஆனால் இங்கே வந்திருக்கும் கடிதம் வேறு வகையானது. பேர் வெளியில் தெரிந்தால் உண்மையிலேயே உயிராபத்து உள்ளவர்கள் பேர் காட்டாமல் பதியவும் வழி வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள், யாரும் வாங்கக்கூடிய திறந்த பிரதியில் தங்கள் பேர் வேண்டாம் என்று ஒரு பெட்டியில் குறித்துவிட்டால் போதும்.

அடுத்தது, பகிஷ்கரிப்பு எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. இங்கே பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்குரிமை 1928இல் வந்தது. மூன்றே வருடம் கழித்து, 1931இல், இலங்கையில் எல்லாருக்கும் வாக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த முதல் தேர்தலையே யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது. முழுச் சுயராச்சியம் வேண்டுமென்று கேட்டவர்கள், அவர்களுடைய நியாயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. நாடு முழுவதும் சேர்த்து வெற்றியின் வித்தியாசம் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம்தான். வாக்களிக்காமல் இருப்பதே ஒரு நிலைப்பாடு என்று எங்கள் வீடுகளில் பேசிப் பேசி வளர்ந்தோம். ஊரில் அதற்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கலாம். லண்டனில் நீங்கள் வாக்களிக்காவிட்டால் அதை யாரும் எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வீட்டில் ஆளே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இது நடக்கும் விதத்தை விளங்கிக்கொள்ளுங்கள். இடாப்பின் பிரதி கட்சிகளின் கைக்குப் போகும். தேர்தல் காலத்தில் அவர்களுடைய ஆட்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் தெருவில் நடப்பார்கள். பேர் இல்லாத கதவைத் தட்ட மாட்டார்கள். போன தேர்தலில் யார் வாக்களிக்கப் போனார்கள் என்று குறித்த பட்டியலும் அவர்களுக்குக் கிடைக்கும். யாருக்குப் போட்டீர்கள் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. ஒரு தரம்கூடப் போகாத வீட்டை அடுத்த தரம் விட்டுவிடுவார்கள். யாரும் கேட்காததால் நாங்கள் போவதில்லை, நாங்கள் போகாததால் யாரும் கேட்பதில்லை. சிட்னி வெர்பா என்ற அமெரிக்க அறிஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1995இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். மனிதர் அரசியலில் கலக்காமல் இருப்பதற்கு மூன்று காரணம்: முடியவில்லை, விருப்பமில்லை, இல்லாவிட்டால் யாரும் வாவென்று கூப்பிடவில்லை.

எனக்கு அந்த மூன்றாவதுதான். 2007இல், எங்கள் தெருவில் வசித்த ஒரு வெள்ளைக்கார அம்மா கதவைத் தட்டி, "உங்கட பேர் பட்டியலில் இல்லையே, ஏன்?" என்று கேட்டார். "நான் இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை" என்றேன். "அதற்கென்ன, நீங்கள் சிறிலங்காவா? அப்ப உங்களுக்கு வாக்கு இருக்கு" என்றார். வாசலில் நின்றே படிவத்தை நிரப்பினோம். 2008 மே மாதம் லண்டன் மேயர் தேர்தலில் முதல் முறையாக வாக்களித்தேன். அந்த அம்மாவின் கட்சிக்கு நான் போடவில்லை. அவரும் கடைசிவரை கேட்கவில்லை.

வீட்டுக்காரர் ஏன் வேண்டாம் என்கிறார் என்பதையும் யோசியுங்கள். ஒரு வீட்டில் பெரிய ஆள் ஒருவர் மட்டும் என்றால் கவுன்சில் வரியில் 25 வீதம் கழிவு. அதை எடுத்துக்கொண்டிருப்பவர்களும், இத்தனை பேருக்கு வாடகைக்கு விட்டிருப்பதை வெளியே காட்ட விரும்பாதவர்களும் "பேர் வேண்டாம்" என்பார்கள். உங்கள் வீட்டுக்காரரின் காரணம் எதுவோ, அவருடைய கணக்குக்காக உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கடிதத்துக்குப் பதில் கொடுக்காமல் விட்டால் 1000 பவுண் வரை தண்டம் வரலாம், பொய்யாக எழுதுவதும் குற்றம். 2014க்குப் பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் பதிய வேண்டும். அரசாங்க இணையதளத்தில் உங்கள் பேர், பிறந்த திகதி, முகவரி, என்.ஐ. நம்பர் (தேசிய காப்புறுதி இலக்கம்) கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. வீட்டுக்காரருடைய கையெழுத்துத் தேவையில்லை. கணவருடையதும் தேவையில்லை. இன்னொன்று: நாளைக்கு வங்கியில் கடன் கேட்டாலும், போன் ஒப்பந்தம் எடுத்தாலும், நீங்கள் அந்த முகவரியில்தான் இருக்கிறீர்களா என்று இந்த இடாப்பில் பார்ப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

கணவருக்குச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. கொலின்டேல் ஹெண்டன் தொகுதிக்குள் வருகிறது. 2024 ஜூலைத் தேர்தலில் ஹெண்டனில் வெற்றியின் வித்தியாசம் 15 வாக்கு. உங்கள் தெருவில் எத்தனை தமிழ் வீடு என்று அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். 2017இல் ஸ்கொட்லாந்தில் வடகிழக்கு ஃபைஃப் தொகுதியின் வித்தியாசம் 2 வாக்கு. அந்த 2024 தேர்தலில் நாடு முழுவதும் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு அறுபதுக்கும் கொஞ்சம் குறைவு. தொகுதி எல்லைகளைப் பிரிப்பதும் இடாப்பில் உள்ள தலைகளை எண்ணித்தான். பதியாத சனம் நெருக்கமாக வாழும் இடத்துக்கு ஆசனமும் குறைகிறது. உமா குமரன் 2015இல் ஹரோ கிழக்கில் நின்று தோற்றார், 2024இல் ஸ்ட்ராட்ஃபர்ட் அண்ட் போ தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். தமிழர் என்பதற்காக ஒருவருக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களில் ஒருவர் அங்கே போக முடியும் என்று என் மகள் கண்ணால் கண்டாள், அது எனக்குப் பெரிய விஷயம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் சில வீடுகளில் தபால் வாக்குச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஆள் மேசையில் பரப்பி வைத்துப் புள்ளடி (X அடையாளம்) போடுவதைக் கண்டிருக்கிறேன். "அவளுக்கு என்ன தெரியும், நான் போட்டுவிடுறன்." இது குற்றம். அதைவிட, அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போகிறது. சங்கத்தில் நாலு பேர் மேடையேறி "எங்கட வாக்கெல்லாம் இவருக்குத்தான்" என்று கைகொடுப்பதையும் பார்ப்பீர்கள். உங்கள் வாக்கைக் கொடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. வேலை நேரம் இடம் கொடாவிட்டால் தபால் வாக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் தரம் நேரே போங்கள். வாக்களிப்பு வழக்கமாக வியாழக்கிழமை, காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணிவரை. மறைப்புக்குள் உங்களோடு கணவர்கூட வர முடியாது.

படம் உள்ள அடையாள அட்டை 2023இலிருந்து கட்டாயம். இலங்கைப் பாஸ்போட் போதும். விரலில் மை பூச மாட்டார்கள். ஊரைப் போல விருப்பு வாக்கு இலக்கமெல்லாம் இல்லை, நாடாளுமன்றத் தேர்தலென்றால் ஒரே ஒரு புள்ளடி. லண்டன் கவுன்சில் தேர்தலில் உங்கள் வட்டாரத்துக்கு மூன்று பேர் என்றால் மூன்று புள்ளடி வரை போடலாம், சீட்டிலேயே எழுதியிருக்கும். பேர் பதிய, தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்னதாகக் கடைசித் தவணை. வீடு மாறினால் புதிதாகப் பதிய வேண்டும். வாடகை அறைகளில் அடிக்கடி மாறும் எங்கள் பிள்ளைகள் விட்டுப்போவது இங்கேதான்.

விசாத் தாமதமோ, வீட்டில் பூஞ்சணமோ, எது வந்தாலும் உங்கள் தொகுதி உறுப்பினரைச் சந்திக்க நேரம் கேட்கலாம். வாக்களித்தீர்களா என்று அங்கே கேட்க மாட்டார்கள். எங்கள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் தெருவைக் கடக்கக் கடவை கேட்டு ஐந்து தாய்மார் கவுன்சிலரிடம் போனபோது, எனக்கு ஆங்கிலம் தடுமாறத்தான் செய்தது. இரண்டு வருடம் எடுத்தது, ஆனால் கடவை வந்தது.

மகளுக்கு ஆறு வயது என்று எழுதியிருந்தீர்கள். வாக்குச்சாவடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், தடையில்லை. பென்சில் உள்ளே வைத்திருப்பார்கள், விரும்பினால் உங்கள் பேனையையும் கொண்டு போகலாம். பதிந்த பிறகு இடாப்பில் சேர்த்துவிட்டோம் என்று கவுன்சில் கடிதம் அனுப்பும். அதை வீட்டுக்காரர் எடுத்து வைக்குமுன் நீங்கள் எடுத்துவிடுங்கள். வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், கவுன்சிலில் யாரைக் கேட்பது என்று சொல்கிறேன்.