பல பட்டைகளில் இயங்கும் கம்பி அன்ரெனாவுக்கு ரியூனர் கட்டாயமா?

நீங்கள் அண்மையில்தான் அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்தவர் என்றும், ஒரே கம்பியைக் கட்டி எல்லாப் பட்டைகளிலும் (அதிர்வெண் பகுதிகளிலும்) பேச நினைக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ரியூனர் என்பது வானொலிக்கும் அன்ரெனாவுக்கும் இடையில் வைத்து இரண்டையும் பொருத்தும் பெட்டி. எந்தக் கம்பி, எந்த ஊட்டுக் கேபிள் என்று கேட்காமலே "கட்டாயம்" என்று சொல்பவரையும் "தேவையே இல்லை" என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம்.

பருத்தித்துறைப் பக்கம், எங்கள் வளவில் இரண்டு பனைகளுக்கு நடுவே நிற்பது ஒரு விசிறி டைபோல், அதாவது நடுவில் ஊட்டி இருபுறமும் விசிறிபோல் விரியும் சோடிக் கம்பிகள் கொண்ட அன்ரெனா. 7 மெகாஹேர்ட்சுக்குரிய கம்பி மொத்தம் ஏறத்தாழ 20 மீற்றர், 14 மெகாஹேர்ட்சுக்குரியது அதில் பாதி. இரண்டுக்கும் நடுவில் ஊட்டுமுனை ஒன்றே. நீண்ட கம்பி 7 மெகாஹேர்ட்சின் மும்மடங்கிற்குச் சற்று மேலேயும் ஒத்திசைவதால், 21 மெகாஹேர்ட்ஸ் பட்டையும் கூடவே கிடைக்கிறது. மூன்றிலும் நான் ரியூனர் இல்லாமலே பேசுகிறேன். ஒரு சோடியை நறுக்கினால் மற்றச் சோடியின் ஒத்திசைவும் நகரும் என்பதால், நீண்டதை முதலில் சரிசெய்து, நுனிகளை வெட்டாமல் மடித்துக் கட்டிப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். "ஏன் தம்பி, கட்டினதைத் திரும்பத் திரும்ப இறக்கிறியள்?" என்று கேட்ட, பனையேறும் அண்ணர்தான் உச்சியில் ஒரு கிணற்றுக் கப்பியைப் போட்டு, கயிற்றின் மறுமுனையில் பாரம் தொங்கவிடச் சொன்னார். காற்றில் பனை ஆடும்போது கம்பி அறாமல் இருப்பது அந்த யோசனையால்தான்.

ரியூனர் இல்லாததால் எனக்கு ஒரு நன்மையும் கிடைத்தது. வாடைக்காற்று மழைக்குப் பின்னர் 40 மீற்றர்ப் பட்டையில் (7 மெகாஹேர்ட்ஸ்) எஸ்.டபிள்யு.ஆர், அதாவது பொருத்தம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்று காட்டும் அளவு, ஏறியதைக் கண்டு கம்பியை இறக்கியபோது, கடல் உப்பினால் ஊட்டுமுனை இணைப்பு களிம்பேறிக் கிடந்தது. மேசையில் ரியூனர் இருந்திருந்தால் அது அந்தப் பழுதை மறைத்துவிட்டு, வானொலிக்கு எல்லாம் சரியென்று காட்டியிருக்கும்.

இதை எழுதினால் ரியூனருக்கு எதிரி என்று என்னைச் சொல்வார்கள். நான் எதிரி அல்ல. ஆனால் மேசை மீதுள்ள ரியூனர் தனக்கும் அன்ரெனாவுக்கும் இடையிலுள்ள கேபிளின் எஸ்.டபிள்யு.ஆரைக் குறைப்பதில்லை. 40 மீற்றர் டைபோல் ஒன்றை மெல்லிய கோஆக்சியல் கேபிளில் ஊட்டி 20 மீற்றர்ப் பட்டையில் (14 மெகாஹேர்ட்ஸ்) பாவித்தால், ரியூனர் எஸ்.டபிள்யு.ஆரை 1:1 ஆகக் காட்டினாலும் சக்தியின் பெரும்பகுதி கேபிளைச் சூடாக்கவே போகும். அதே டைபோலை ஏணிக் கம்பியால் (இடைவெளி விட்டு இணையாகச் செல்லும் இரட்டைக் கம்பியால்) ஊட்டினால் இழப்பு மிகக் குறைவு. அங்கே ரியூனர் உண்மையிலேயே வேலை செய்கிறது. லூயிஸ் வார்னி 1946 இல் வடிவமைத்த, 31 மீற்றர் நீளமான ஜி5ஆர்வியை "ரியூனர் வேண்டாத அன்ரெனா" என்று விற்பவர்கள் உண்டு. அது 14 மெகாஹேர்ட்சை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது, ஏனைய பட்டைகளுக்கு ரியூனர் தேவை.

எனக்குள்ள மனக்குறை வேறு. ரியூனர் வைத்திருக்காதவர் முழு ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்) இல்லை என்பதுபோல் மூத்த ஒருவர் பலர் கேட்க வானலையிலேயே சொன்னார். இணைப்பு உப்பேறினால் அவருடைய விலையுயர்ந்த பெட்டி என்ன செய்யும் என்று அன்று கேட்க நினைத்தேன், மரியாதைக்காக விட்டுவிட்டேன்.

உங்கள் வளவு சிறிதென்றால், நுனியின் உயர் மின்மறுப்பை 49இல் ஒரு பங்காகக் குறைக்கும் 49:1 மின்மாற்றியுடன் நுனியில் ஊட்டும் 20 மீற்றர்க் கம்பி 40, 20, 15, 10 மீற்றர்ப் பட்டைகளில் பொதுவாக ரியூனர் இல்லாமலே இயங்கும். 30, 17, 12 மீற்றர்களும் அதே கம்பியில் வேண்டுமானால் ரியூனர் வாங்கத்தான் வேண்டும்; வாங்குவதானால் மேசையில் அல்ல, கம்பியின் அடியில், மழைபடாத பெட்டிக்குள் வைக்கக்கூடிய தன்னியக்க வகையாகப் பாருங்கள்.