பாஸ்தாவுக்குப் பதிலாக மாவுச்சத்து குறைந்த நூடுல்ஸை வீட்டில் எப்படித் தயாரிப்பது?

பாஸ்தாவின் மீதுள்ள ஆசை விடவில்லை, ஆனால் மாவுச்சத்தைக் குறைத்தாக வேண்டும், ராகி சேமியா சரிவருமா, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிலை எனக்கும் வந்ததால், சமையலறையில் கெடுத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ராகி சேமியா சரிவராது. உலர்ந்த பாஸ்தா 100 கிராமில் ஏறத்தாழ 75 கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்றால், ராகி மாவிலும் 70 கிராம் அளவுக்கு இருக்கிறது. நார்ச்சத்து சற்றுக் கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் உங்கள் நோக்கத்துக்கு அது நிறம் மாறிய பாஸ்தா, அவ்வளவே. இதற்கு மாறாக, வெள்ளரிக்காய் போலத் தோன்றும் பூசணி வகைக் காயான சுக்கினியில் 100 கிராமுக்கு இருப்பது சுமார் 3 கிராம்தான். சுக்கினி கிடைக்காத ஊரில் இருந்தால் சௌசௌ நன்றாகவே உதவும். அது சற்று உறுதியான காய் என்பதால் எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கிறது.

காயை நூலாகச் சீவும் கருவி இல்லையென்றாலும் கவலையில்லை. தோல் சீவும் சாதாரணச் சீவியாலேயே நீளவாக்கில் பட்டை பட்டையாக இழுத்து, நடுவில் விதைப்பகுதி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். விதைப்பகுதி வெந்தால் குழைந்துவிடும். முதல் முறை நான் செய்த தவறு, சீவிய காயை அப்படியே கொதிக்கும் தக்காளிச் சாஸில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்ததுதான். மூடியைத் திறந்தபோது இருந்தது, பூண்டு வாசனை வீசும் சுரைக்காய்க் கூட்டு. சுக்கினியில் 95 விழுக்காடு நீர் என்பதை அன்று கண்ணால் கண்டேன். இப்போதெல்லாம் அரை கிலோ காய்க்கு அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசிறி, வடிகட்டியில் இருபது நிமிடம் வைத்து, பின் பருத்தித் துணியில் முடிந்து பிழிகிறேன். ஏறக்குறைய அரை டம்ளர் நீர் இறங்கிவிடுகிறது. அதன்பின் அகன்ற வாணலியை நன்றாகச் சூடேற்றி, சிறிது எண்ணெயில் ஒன்றரை நிமிடம் புரட்டினால் போதும். அதற்கு மேல் அடுப்பில் இருந்தால் மறுபடியும் நீர் விடத் தொடங்கும்.

அடுத்த சிக்கல் சாஸ் ஒட்டாமை. பாஸ்தா வெந்த நீரில் கரைந்திருக்கும் மாவுதான் சாஸைக் கெட்டியாக்கி இழைகளோடு பிணைக்கிறது. இத்தாலியர்கள் அந்த நீரில் ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொள்வது அதனால்தான். காயில் அந்த உதவி கிடைக்காது என்பதால், தக்காளியை எண்ணெய் பிரியும் வரை சுண்டவிட்டு, கடைசியில் துருவிய சீஸையோ இரண்டு கரண்டி க்ரீமையோ சேர்த்து, தட்டில் வைக்கும் நேரத்தில் மட்டும் இழைகளோடு கலக்க வேண்டும். முந்திரி விழுதைத் தவிர்த்துவிடுங்கள், அதில் மாவுச்சத்து கணிசமாக உண்டு. பாதாம் விழுது நல்லது.

கடைகளில் நீர் நிரம்பிய பைகளில் வரும் ஷிராதாகி என்ற ஜப்பானிய நூடுல்ஸ் இன்னொரு வழி. நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவான கொன்யாக்குக் கிழங்கின் மாவைச் சுண்ணாம்பு சேர்த்து உறையவைத்துச் செய்யப்படும் இதில், நீரும் குளுக்கோமன்னான் என்ற நார்ச்சத்தும் தவிர வேறு எதுவும் அநேகமாக இல்லை. பையைத் திறந்ததும் மீன் வாடை அடிக்கும். கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். குழாய் நீரில் நன்றாக அலசி, இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, எண்ணெயே இல்லாமல் வெறும் வாணலியில் கீச்சென்று ஒலி எழும் வரை வறட்டினால் வாடை பெரும்பாலும் போய்விடும். ரப்பர் போன்ற அந்த இழுவைத் தன்மை மட்டும் போகாது. இதற்குத் தக்காளிச் சாஸைவிட சோயா, இஞ்சி, எள்ளெண்ணெய் பொருந்துகின்றன என்பது என் கருத்து. நன்றாக மென்று உண்ண வேண்டும். முதல் நாளே அதிகம் உண்டால் வயிறு உப்பும்.

முட்டை உண்பவராக இருந்தால் இன்னும் எளிது. இரண்டு முட்டையோடு ஒரு கரண்டி க்ரீம் சீஸை அடித்து, தோசைக்கல்லில் மெல்லிய அடையாக ஊற்றி, ஆறியதும் பாய்போலச் சுருட்டி விரற்கடை அகலத்தில் நறுக்கினால் நாடாப் பாஸ்தாவின் வடிவம் வந்துவிடும். நான் செய்து பார்த்தவற்றில் சாஸைப் பிடித்துக்கொள்வது இதுதான்.

நீங்கள் இன்சுலினோ சர்க்கரைக்கான மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் என்றால், மாவுச்சத்தைத் திடீரென்று குறைக்கும்போது சர்க்கரை அளவு தாழ்ந்துவிடக்கூடும். மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குங்கள்.

மீந்ததை எடுத்து வைப்பதாக இருந்தால், பிழிந்த காயையும் சாஸையும் தனித்தனிப் பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கலந்து வைத்த சுக்கினி மறுநாள் காலையில் ரசத்தில் மிதக்கும்.