இனக்கூட்டச் சூழலியலை மாணவர்களே செய்து பார்த்துக் கற்கும்படி நடத்துவது எப்படி?

இனக்கூட்டச் சூழலியலில் (ஓர் இனத்தின் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று பார்க்கும் துறை) இளங்கலை மாணவர்கள் சூத்திரத்தை ஒப்பிக்கிறார்கள், ஆனால் பொருள் புரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். குறியிட்டு மீண்டும் பிடிக்கும் முறையிலிருந்து தொடங்குங்கள்: சில உயிரிகளைப் பிடித்துக் குறியிட்டு விட்டுவிட்டு, மறுபடி பிடித்ததில் குறியுள்ளவை எத்தனை என்று பார்த்து மொத்த எண்ணிக்கையை மதிப்பிடுவது.

நாலு பேருக்கு ஒரு துணிப்பை, உள்ளே இருப்பது தெரியக் கூடாது. ஒவ்வொன்றிலும் சரியாக 350 வெளிர்நிற விதைகள். இந்த எண் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். 50 விதைகளை எடுத்து மார்க்கரால் புள்ளி வைத்து, மை காய்ந்தபின் பையில் போட்டு நன்றாகக் குலுக்கட்டும். ஈர மை பக்கத்து விதையில் ஒட்டினால் கணக்கே கெட்டுவிடும். குலுக்காவிட்டால் குறியிட்டவை மேலேயே கிடந்து கையோடு வரும், மதிப்பீடு குறைந்துவிடும். பிறகு பார்க்காமல் 60 விதைகள். அதில் புள்ளி உள்ளவை 8 என்றால், பையில் மொத்தம் எத்தனை என்ற மதிப்பீடு (குறியிட்டவை × இரண்டாவதாகப் பிடித்தவை ÷ அவற்றில் குறியுள்ளவை) 50 × 60 ÷ 8 = 375. ஒரே ஒரு விதை குறைந்து 7 வந்தாலே 429 ஆகிவிடும். (10 விதைகளுக்கு மட்டும் குறியிட்டால் சில குழுக்களுக்கு 0 வரும், வகுக்கவே முடியாது.)

எல்லா விடைகளையும் பலகையில் ஓர் எண்கோட்டில் குறியுங்கள். 250-உம் வரும், 600-உம் வரும். அதன் பிறகே எல்லாப் பையிலும் 350தான் என்று சொல்லுங்கள். யாரோ தப்பாக எண்ணிவிட்டதாகத்தான் முதலில் நினைப்பார்கள். மாதிரி எடுப்பதிலேயே இந்த ஏற்ற இறக்கம் இருக்கிறது என்று அவர்களே பேசிக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடமாவது விடுங்கள். வகுப்பின் உயிரே அந்தப் பத்து நிமிடம்தான். பாடம் முடிக்கும் அவசரத்தில் அதில் கை வைக்காதீர்கள்.

அடுத்து, பிடித்த விதைகளைத் திரும்பப் போட்டுவிட்டு, குழுவுக்கு ஒரு துண்டுச்சீட்டு. 'குறியிட்டவற்றில் 15-இன் குறி அழிந்தது' (அவற்றுக்குப் பதில் புது விதை), 'குறியில்லாத 100 குடிவந்தன', 'பாதி இறந்தன' (பார்க்காமல் 175-ஐ வெளியே எடுக்க வேண்டும்). மதிப்பீடு கூடுமா, குறையுமா என்று பையில் கைவிடும் முன்பே எழுதித் தர வேண்டும். ஒரு தடவை பிடித்து எதையும் சொல்ல முடியாது. ஐந்து தடவை 60 விதைகளைப் பிடித்துத் திரும்பப் போட்டு, புள்ளி உள்ளவற்றின் சராசரியைக் கணக்கில் போடட்டும்.

குறி அழிந்த பையில் விடை 500-ஐ ஒட்டி வரும், குடிவந்த பையில் 450-ஐ ஒட்டி வரும். பெரும்பாலோர் சறுக்குவது மூன்றாவதில்: பாதி இறந்தால் விடையும் பாதியாகும் என்று எழுதுவார்கள். குறியிட்டவையும் இடாதவையும் ஒரே விகிதத்தில் இறப்பதால் விடை 350 அருகிலேயே நிற்கும். இப்போது பையில் உள்ளதை அது சொல்லவில்லை, முதல் பிடிப்பின்போது இருந்ததைச் சொல்கிறது.