கணினி கேள்வி–பதில்: பட்டியலில் வராத மென்பொருள்கள்

கேள்வி: விண்டோஸ் 11 கணினியை ஃபார்மேட் செய்யப்போகிறேன். அதில் இருக்கும் மென்பொருள்களின் பட்டியலை எடுத்துவைக்க, செட்டிங்ஸில் தெரிவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ பக்கம் ஹார்டு டிஸ்க்கைத் துழாவிப் பார்த்துவிட்டுப் பட்டியல் போடுவதில்லை. ஸ்டோர் செயலிகள் நீங்கலாக மற்ற மென்பொருள்கள், நிறுவப்படும்போதே விண்டோஸின் உள் பதிவேடான ரெஜிஸ்ட்ரியின் ‘அன்இன்ஸ்டால்’ பகுதியில் தங்கள் பெயர், பதிப்பு, அளவு ஆகியவற்றை எழுதிவிடும். அந்தப் பதிவைத்தான் விண்டோஸ் படித்துக் காட்டுகிறது. ஜிப் கோப்பைப் பிரித்து அப்படியே இயக்கும் போர்ட்டபிள் மென்பொருள்கள் எதையும் எழுதுவதில்லை, அதனால் அங்கே தெரியாது. பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களும் அப்படியே. இன்னொருவர் தன் யூசர் கணக்குக்கு மட்டும் என்று போட்டுக்கொண்டவையும் உங்கள் கணக்கில் வராது.

கட்டளை அடித்து மென்பொருள்களைப் பட்டியலிடவும் நிறுவவும் உதவும் விங்கெட்டைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் 11-இல் அது உடன் வருவதுதான். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டெர்மினலைத் திறந்து ‘விங்கெட் லிஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் பெயரும் பதிப்பும் வரிசையாக வரும். அடுத்து ‘விங்கெட் எக்ஸ்போர்ட்’, ஓர் இடைவெளி, ஹைஃபனும் ஓ எழுத்தும், மறுபடி இடைவெளி, பிறகு ஜேசன் என்று முடியும் கோப்பின் பெயர். அந்தக் கோப்பைப் பென் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். ஃபார்மேட் ஆகப்போகும் டிரைவிலேயே விட்டுவிட்டுத் தேடுகிறவர்கள் உண்டு.

கோப்பு தயாராகும்போது, சில பெயர்கள் எந்தச் சோர்ஸிலும் (விங்கெட் மென்பொருள்களை எடுக்கும் இடம்) கிடைக்கவில்லை என்று திரையில் ஓடும். அவை கோப்பில் சேராது, பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது இந்த வரிகளைத்தான். பழைய பிரின்டர் மென்பொருள், பில்லிங் புரோகிராம், சிடியிலிருந்து போட்டவை எல்லாம் இங்கேதான் சிக்கும். அவற்றைத் தனியே குறித்துக்கொண்டு, செட்டப் கோப்பு கைவசம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

புது விண்டோஸ் போட்டதும் ‘விங்கெட் இம்போர்ட்’, ஹைஃபன் ஐ, கோப்பின் பெயர் என்று கொடுத்தால் ஒவ்வொன்றாக இறங்கும். வருவது அன்றைய புதிய பதிப்பு. குறிப்பிட்ட பழைய பதிப்புதான் வேண்டுமென்றால் எண்ணைத் தனியே எழுதிவையுங்கள். செட்டிங்குகளும் லைசென்ஸ் கீயும் அந்தக் கோப்பில் இருக்காது. இத்தனை கணினிக்கு மட்டும் என்று வரம்புள்ள மென்பொருளில், ஃபார்மேட்டுக்கு முன்பே உள்ளே போய் டீஆக்டிவேட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய நிறுவல் ஒரு கணக்காக நின்றுவிடும்.

பட்டியல் எடுக்க ‘டபிள்யூமிக் புராடக்ட்’ என்ற பழைய கட்டளையைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். அது விண்டோஸ் இன்ஸ்டாலர் மூலம் நிறுவப்படும் எம்எஸ்ஐ வகை மென்பொருள்களை மட்டும்தான் காட்டும். போதாததற்கு ஒவ்வொன்றையும் சோதித்து, சிலவற்றில் ரிப்பேர் வேலையையும் தொடங்கிவிடும்.

கேள்வி: ‘விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்று பத்துக்கும் மேல் இருக்கின்றன. பழையவற்றை நீக்கலாமா?

பதில்: தொடாதீர்கள். மற்ற மென்பொருள்கள் ஓடத் தேவையான லைப்ரரிகள் அவை. 2005, 2008, 2010, 2012, 2013 ஆகியவை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. 2015 முதல் வந்தவைதான் ஒரே தொகுப்பாகச் சேர்ந்தன. 64 பிட் விண்டோஸிலும் 32 பிட் மென்பொருள்கள் ஓடுவதால் ஒவ்வொன்றும் இரண்டு வகையில் இருக்கும். நீக்கினால் மிச்சமாகும் இடம் அற்பம். ஆனால் ஏதாவது ஒரு மென்பொருள், தனக்கு வேண்டிய லைப்ரரி கோப்பு கிடைக்காமல், ‘எம்எஸ்விசிபி140 டிஎல்எல் இல்லை’ என்று நின்றுவிடும். அப்படி நின்றால் அந்த டிஎல்எல்லை மட்டும் தரும் தளங்களின் பக்கம் போகாமல், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து முழுத் தொகுப்பையும் மறுபடி நிறுவுங்கள்.

கேள்வி: ஒரு மென்பொருளின் ஃபோல்டரையே டெலீட் செய்துவிட்டேன். பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது.

பதில்: அன்இன்ஸ்டாலர் அந்த ஃபோல்டரோடு போய்விட்டது, ரெஜிஸ்ட்ரி பதிவு அப்படியே இருக்கிறது. கன்ட்ரோல் பேனலின் ‘புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் அதை டபுள் கிளிக் செய்தால், பட்டியலிலிருந்து எடுத்துவிடவா என்று பெரும்பாலும் கேட்கும். ‘யெஸ்’ கொடுத்தால் பெயர் போய்விடும். ஆனால் அது போட்ட சர்வீஸ்களும் ஸ்டார்ட்டப் பதிவுகளும் போகாது. ஆன்டிவைரஸ், டிரைவர் போன்றவை என்றால் அதே பதிப்பை மறுபடி நிறுவி, முறைப்படி அன்இன்ஸ்டால் செய்வதுதான் சரி.