தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு மெதடிஸ்ட் சபையில் இல்லை என்றால்

1934-இல் பிறந்த உங்கள் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு சிங்கப்பூர் மெதடிஸ்ட் சபையில் கிடைக்கவில்லை, எங்கே தேடுவது என்று கேட்டிருந்தீர்கள். அவரை அதே வருடத்து ஞானஸ்நானப் பதிவில் தேடாதீர்கள். ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபையில், தாத்தா சிங்கப்பூர் வந்த பிறகான அங்கத்தினர் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அவருடைய அப்பா கொல்லிமலைப் பக்கத்து பாப்டிஸ்ட். 1913 முதல் 1929-இல் இறக்கும்வரை ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர் அங்கே ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராக இருந்தார், அந்த வழி வந்த குடும்பமாக இருக்கலாம். பாப்டிஸ்ட் சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்து, தானே விசுவாச அறிக்கை செய்த பிறகுதான் முழுக்கு, அதாவது தண்ணீரில் மூழ்கிப் பெறும் ஞானஸ்நானம். மெதடிஸ்ட் சபையோ குழந்தைக்கும் கொடுக்கும், ஆனால் ஏற்கெனவே பெற்றவருக்கு இன்னொரு முறை கொடுக்காது. அதனால் அங்கேயே முழுக்குப் பெற்று வந்திருந்தால், தாத்தா இங்கே 'வேறு சபையிலிருந்து சேர்ந்தவர்' என்ற வரியில்தான் இருப்பார்.

அந்த வரி கிடைத்தால் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று பாருங்கள். அந்த ஊர்ச் சபையில் பிறந்த வருடத்தை விட்டுவிட்டு, அவருக்குப் பதினைந்து வயதான பிறகு, அதாவது 1949-லிருந்து தேடச் சொல்லுங்கள். அப்புறம், குடும்பத் தேதிகள் எழுதியிருக்கிறதா என்று வீட்டுப் பழைய வேதாகமத்தின் முன்பக்கங்களையும் ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். மெதடிஸ்டாகப் பிறந்து பாப்டிஸ்ட் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் மறுபடி முழுக்குக் கொடுப்பார்கள். என் பாட்டிக்கு இப்படி இரண்டு தேதி, எது சரி என்று சித்தப்பாவும் அப்பாவும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். இரண்டுமே சரிதான்.