சாகோஸ் தீவுகள்: கேட்டவர்களுக்குப் பதில்

இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் கூட்டத்தின் பெரிய தீவும், அமெரிக்க ராணுவத் தளம் இருக்கும் இடமுமான டியேகோ கார்சியா பற்றி நாலு வரி எழுதியதற்கு இத்தனை கேள்விகள். சர்வதேசச் சட்டம் என் துறை, போர் விமானங்கள் அல்ல. அதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

நெய்தல்: சார், தகராறு எங்கே தொடங்கியது?

1965இல். மொரிஷியஸ் அப்போது பிரிட்டிஷ் காலனி. விடுதலை பற்றிப் பேச லண்டன் போன மொரிஷியஸ் தலைவர் ராம்கூலத்திடம் சாகோஸ் தீவுக்கூட்டத்தைக் கேட்டார்கள். விடுதலை யார் கையில் இருக்கிறதோ அவரே நிலத்தையும் கேட்டால் எதிரில் இருப்பவர் என்ன சொல்லிவிட முடியும்? நவம்பர் 8ஆம் தேதி சாகோஸைத் தனியே வெட்டிப் புதுக் காலனி ஆக்கினார்கள். மொரிஷியஸுக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. மறு ஆண்டே தளம் அமைக்க அமெரிக்காவுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. அதற்கு வாடகை கிடையாது. அமெரிக்காவிடம் பிரிட்டன் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைகளின் விலையில் 1.4 கோடி டாலரை ரகசியமாகக் கழித்துவிட்டார்கள். காலனி நாட்டின் நிலப்பரப்பைத் துண்டாடக் கூடாது என்று ஐ.நா.வின் 1514ஆம் தீர்மானம் 1960லேயே சொல்லியிருந்தது. வழக்கின் ஆணிவேர் அதுதான்.

கடற்காகம்: அப்போ கச்சத்தீவும் இதே கதைதானே?

இல்லை. இங்கே வெட்டியது ஆண்ட நாடு, அதுவும் விடுதலைக்கு முன். கச்சத்தீவு, இரண்டு சுதந்திர நாடுகள் 1974இல் செய்துகொண்ட ஒப்பந்தம்.

மல்லிகா, திருச்சி: அங்கே இருந்த மக்கள் என்ன ஆனார்கள் ஐயா?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் அம்மா. மடகாஸ்கர், மொசாம்பிக் பகுதிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், பின்னால் இந்தியாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள், இவர்களின் வழித்தோன்றல்கள். தென்னந்தோப்பும் கொப்பரையும்தான் பிழைப்பு. இவர்களை நிரந்தரக் குடிகள் என்று ஒப்புக்கொண்டால் ஐ.நா.வுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஆகவே ‘ஒப்பந்தத் தொழிலாளர்கள்’ என்று எழுதிக்கொண்டார்கள். 1966இல் லண்டன் அதிகாரி ஒருவர் கோப்பில் இவர்களை டார்சன்கள் என்று கிண்டலடித்திருக்கிறார், அது இன்றும் ஆவணமாக இருக்கிறது. வைத்தியத்துக்கு மொரிஷியஸ் போனவர்களுக்குத் திரும்பக் கப்பல் இல்லை என்றார்கள். சரக்குக் கப்பல்கள் குறைந்தன. டியேகோ கார்சியாவில் அவர்களுடைய நாய்களைப் புகையடித்துக் கொன்றார்கள். 1973க்குள் கடைசிக் குடும்பமும் வெளியேற்றப்பட்டது. மொத்தம் 1,500 முதல் 2,000 பேர். 1982இல் 40 லட்சம் பவுண்டு நஷ்டஈடு வந்தது. ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஆங்கிலத் தாளில் கைநாட்டு வாங்கினார்கள். படிக்கத் தெரியாதவர்களிடம்!

பாரி: 2019 தீர்ப்பை பிரிட்டன் ஏன் மதிக்கவில்லை?

தீர்ப்பு அல்ல, ஆலோசனைக் கருத்து. ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதிகள் 13க்கு 1 என்று சொன்னது. காலனி நீக்கம் சட்டப்படி முடியவில்லை, பிரிட்டன் கூடிய விரைவில் விலக வேண்டும் என்றது. ஐ.நா. பொதுச்சபையும் 116க்கு 6 என்று அதை வழிமொழிந்தது. கட்டுப்படுத்தாது, ஆனால் இதற்குப் பிறகு பிரிட்டன் பக்கம் பேச ஆள் குறைந்துபோனது.

ரவி_77: தீர்ப்பை மீறினால் தண்டனை உண்டா?

மேலே பாருங்கள். ஆலோசனைக் கருத்து.

செங்கதிர்: சுயநிர்ணய உரிமை சாகோசியர்களுக்கா, 2,100 கி.மீ. தள்ளியிருக்கும் மொரிஷியஸுக்கா? நீங்கள் மொரிஷியஸ் பக்கம் சாய்கிறீர்கள்.

நல்ல அடி. நீதிமன்றம் ‘மக்கள்’ என்று எடுத்துக்கொண்டது 1965இல் இருந்த முழு மொரிஷியஸ் காலனியை. சாகோசியர்களை மீண்டும் குடியேற்றுவது மனித உரிமைப் பிரச்சினை, பொதுச்சபை பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுக்கிவிட்டது. வெட்டியது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வெட்டுப்பட்ட மண்ணின் மக்களை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. இங்கிலாந்தின் கிராலி ஊரில் வாழும் சாகோசியர் பலர் மொரிஷியஸை நம்புவதில்லை. மொரிஷியஸில் இருப்பவர்களிலோ பலர் அதன் பக்கம். ஒரே குரல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செங்கதிர்: ஃபாக்லாந்தில் மட்டும் 2013இல் வாக்கெடுப்பு வைத்தார்களே?

தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் ஆளும் அந்தத் தீவுகளில் வைத்தார்கள். 1,513 பேர் பிரிட்டனோடு இருக்கிறோம் என்றார்கள், 3 பேர் வேண்டாம் என்றார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்களை சாகோஸிலிருந்து கப்பலேற்றி வெளியேற்றினார்கள். ஓரிடத்தில் மக்கள் விருப்பமே வேதம், இன்னோரிடத்தில் மக்களே இல்லை என்று கோப்பு. தோல் நிறத்துக்கு இதில் பங்கில்லை என்று வாதாட நான் தயாரில்லை.

கடற்காகம்: கச்சத்தீவுக்கு ஹேக் போக முடியுமா?

கச்சத்தீவுக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்வோம் தம்பி. இன்று வேண்டாம்.

விமானப்பிரியன்: தளத்தில் பி-2 விமானம் எத்தனை நிற்கும்?

என் துறை இல்லை.

யாழினி: நம் ஆட்கள் அங்கே மாட்டியது உண்மையா?

உண்மை. 2021 அக்டோபரில் படகு பழுதாகி, இலங்கைத் தமிழர்கள் அங்கே கரைசேர்க்கப்பட்டார்கள். மூன்று ஆண்டு கூடாரத்தில் வைத்திருந்தது சட்டவிரோதக் காவல் என்று சாகோஸ் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியின் சொந்த நீதிமன்றமே 2024 டிசம்பரில் சொன்னது. யாழினி, இது தீர்ப்பு, ஆலோசனைக் கருத்து அல்ல.

மல்லிகா, திருச்சி: இனி அவர்கள் ஊர் திரும்பலாமா ஐயா?

2025 மே 22இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி இறையாண்மை மொரிஷியஸுக்கு, டியேகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகையில் பிரிட்டனுக்கு. மற்றத் தீவுகளில் மொரிஷியஸ் குடியேற்றலாம். சாகோசியர்களுக்கு 4 கோடி பவுண்டு அறக்கட்டளை நிதி உண்டு. டியேகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கு அங்கே குடியேற வழியில்லை. அப்படிப் பிறந்த பெண்கள் இருவர் கையெழுத்து நாளன்று லண்டனில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். மதியத்துக்குள் தடை நீங்கி, அன்றே கையெழுத்தாகிவிட்டது.