அந்தக் காலத்து ஹார்ன் அதே காருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்கிட்ட 1958 எம்ஜிஏ (எம்ஜி கம்பெனியோட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கு. முன்னாடி வச்சிருந்தவர் ஏதோ புது ஹார்ன் மாட்டிட்டார். லூகாஸ்னு பிரிட்டிஷ் கார் எலக்ட்ரிக் பார்ட்ஸ் கம்பெனி செஞ்ச ஒரிஜினல் விண்ட்டோன் ஹார்ன்னு சொல்லி ஒருத்தர் ரெண்டு விக்கிறார். நம்பி வாங்கலாமா, ரெண்டும் வேணுமா?

பதில்: மொதல்ல ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். எம்ஜிஏல ஒரு ஹார்ன்தான் ஸ்டாண்டர்டா வந்துச்சு, ரெண்டாவது காசு குடுத்து வாங்குற ஆப்ஷன். அதனால உங்க கார்ல ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் அது குறை இல்ல, யாராவது ஜோடி இல்லையேன்னு சொன்னா கவலைப்படாதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஹார்ன் உடம்புல குத்தியிருக்கிற எழுத்தை கிட்டக்க போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. லூகாஸ்காரங்க மாடல் நம்பரோட தயாரிச்ச மாசமும் வருஷமும் சேர்த்து குத்துவாங்க, கூடவே ஹை நோட்டா லோ நோட்டான்னு எச் இல்லன்னா எல் இருக்கும். கார் கட்டின தேதிக்கு சில மாசம் முன்னாடி தேதி இருந்தா ரொம்ப சந்தோஷம், காருக்கு அப்புறம் வந்த தேதின்னா அது வேற கார்ல இருந்து கழட்டினது, ஓட்டுறதுக்கு ஒண்ணும் தப்பில்ல ஆனா 'ஒரிஜினல்'னு விலை குடுக்காதீங்க. ஜோடியா வாங்கினா ஒரு எச் ஒரு எல் இருக்கணும், ரெண்டும் ஒரே நோட்டா இருந்தா அந்த கம்பீரமான ரெட்டைக்குரல் வராது. வோல்ட்டும் பாருங்க, 6 வோல்ட் ஹார்னை 12 வோல்ட்ல போட்டா காயில் கருகிடும்.

இன்னொண்ணு, பிராக்கெட்டோட சேர்த்து கேளுங்க. ஹார்ன் கிடைச்சிடும், பிராக்கெட் தேடுறதுதான் பாடு. அது கொஞ்சம் அசைஞ்சு குடுக்கிற மாதிரி செஞ்சிருப்பாங்க, ஏன்னா ஹார்ன் மொத்தமும் அதிரணும். நான் ஒரு தடவை பிராக்கெட் இல்லாம தடிமனான தகடு வெட்டி நேரா பாடியில முறுக்கிட்டேன், சத்தம் தொண்டை கட்டினவர் பேசுற மாதிரி வந்துச்சு, பழையபடி சரியான பிராக்கெட் போட்டதும் அதே ஹார்ன் பாடுச்சு. எதுலயும் உரசாமலும் பாத்துக்கோங்க.

கேள்வி: வாங்கின ஹார்ன் 'டக்'னு மட்டும் சொல்லுது. தூக்கிப் போட்டுடவா?

பதில்: தயவுசெஞ்சு போடாதீங்க! டக்னு சொல்லுதுன்னா காயில் உயிரோட இருக்கு, மேக்னெட் டயாஃப்ரத்தை (சத்தம் போடுற மெல்லிசான தகடு) இழுக்குது, ஆனா பாயின்ட் (கரண்ட்டை சேர்த்துப் பிரிக்கிற முனை) சரியா பிரியாததால திரும்ப விடல. அந்த நிலையில பட்டனை அழுத்திப் பிடிக்காதீங்க, கரண்ட் விடாம பாஞ்சு காயில் சூடாகும். மொதல்ல பேட்டரியில இருந்து தடியா ரெண்டு வயர் நேரா ஹார்னுக்கு குடுத்துப் பாருங்க. நல்லா கத்தினா கோளாறு ஹார்ன்ல இல்ல, கார் வயரிங்ல: துருப்பிடிச்ச கனெக்ஷன், தேஞ்ச பட்டன், கெட்ட எர்த், இதுல ஏதோ ஒண்ணு. நேரா குடுத்தும் டக்தான்னா மூடியைக் கழட்டி பாயின்ட்டை மெல்லிசா உரசி சுத்தம் பண்ணி, அட்ஜஸ்ட் நட்டை சத்தம் வராம பாயின்ட் லேசா பிரியுற இடம் வரைக்கும் திருப்பி, அங்கிருந்து அரை சுத்து பின்னாடி வந்து லாக் நட்டை முறுக்குங்க. ஜோடியா இருந்தா ஒண்ணைக் கழட்டி வச்சிட்டு ஒவ்வொண்ணா பண்ணுங்க, இல்லன்னா எது கத்துதுன்னே தெரியாது. சும்மா கிடந்து துருவேறின ஹார்ன் பலது இப்படி பொறுமையா பண்ணினா எழுந்து வந்துடும், அந்த முதல் சத்தம் கேக்குற நிமிஷம் இருக்கே, மனசு நெறஞ்சு போயிடும்.

கேள்வி: என்னோட எம்ஜிபி (எம்ஜிஏவுக்கு அடுத்து வந்த கார்) பாசிட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் பக்கம் பாடியில சேர்ந்திருக்கிற மாதிரி, இருந்ததை நெகட்டிவ்க்கு மாத்தினேன். பழைய ஹார்ன் ஓடுமா?

பதில்: தாராளமா ஓடும். 1967 வரைக்கும் வந்த எம்ஜிபி எல்லாம் பாசிட்டிவ் எர்த்தான், ஆனா இந்த ஹார்ன்ல இருக்கிறது வெறும் காயிலும் பாயின்ட்டும், அதுக்கு கரண்ட் எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் ஒண்ணுதான். வயரை மாத்த வேண்டாம், அப்படியே விட்டுடுங்க.